ஒரு மீற்றர் அகலம்

மாங்குளத்துக்குக் கிழக்கே, பாலை மரங்களுக்குப் பின்னால்,
எனக்கு ஒதுக்கிய பாதை ஒரு மீற்றர் அகலம்.
இரண்டு கரையிலும் சிவப்புத் தலைக் கட்டைகள்.
முழந்தாளில் நின்று மண்ணைச் சுரண்டி
பொழுது சாய்வதற்குள்
ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்தை
ஆட்களுக்குத் திருப்பிக் கொடுப்பேன்.

அந்தப் பங்குனியில்தான் முதல் அனல் வந்தது.
வெயில் என்று நினைத்தேன்.
இல்லை, நெஞ்சுக்கவசத்துக்கு உள்ளே
ஆரோ அடுப்பு மூட்டினமாதிரி,
கழுத்தால் ஏறி முகமறைப்பில் ஆவியாய்ப் படிந்தது.
கண்ணாடி புகைத்தால் கையை எடுக்கவேண்டும், அது சட்டம்.
எடுத்தேன்.
"கமலரூபி அக்கா, என்ன?"
என்னத்தைச் சொல்ல?
நாற்பத்தேழு வயது. நாலு மாதமாய்த் துணி நனையவில்லை.
தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டவள் நான்.

பத்து மணிக்கு இடைவேளை.
சந்திக்கடைப் பெட்டியில் றோல்ஸ், மாலுபணிஸ்,
மூன்று கரண்டி சீனி போட்ட பால்தேத்தண்ணி,
அதுக்கு மேல் ஒரு சோடா.
பயமில்லை என்றுதான் எல்லாரும் சொல்லுவம்,
சொல்லிக்கொண்டே இனிப்பைத் தேடுவம்.
முகாமில் இருந்த காலம் முழுக்க மா, சீனி, பருப்பு.
வெள்ளை மாவை எத்தனை விதமாய்ச் சுடலாம் என்று
என்னைக் கேளுங்கள்.

பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு பாரம்.
வாயு என்று இஞ்சி அவித்துக் குடித்தேன்.
தாடை உளைந்தது. பல் என்று பனடோல் போட்டேன்.
மாரடைப்பு என்றால்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற ஆம்பிளையைத்தான்
படங்களில் கண்டிருக்கிறேன்.
தாடையில் வருமென்று ஆர் சொன்னது?

கிளிநொச்சி ஆஸ்பத்திரி.
ஈசிஜி எடுக்கிற பிள்ளை குளிர்ந்த கிண்ணங்களை ஒட்டினாள்.
கருவி கத்தும் சத்தத்துக்குப் பழகின காது எனக்கு,
சத்தம் மாறும் இடத்தில் கை தானாய் நிற்கும்.
இங்கே சத்தமே இல்லை.
கடதாசி ஓடிக்கொண்டிருந்தது.
அவளின் முகம்தான் நின்றது.

டொக்ரர் சஹீதா என் கொப்பியின் பின்மட்டையில்
ஒரு குழாய் கீறினா.
"ஈஸ்ட்ரஜன் எண்டு ஒரு ஓமோன்.
இவ்வளவு காலமும் இந்தச் சுவரை வளைஞ்சு குடுக்க வச்சது.
இப்ப அது குறைஞ்சு போச்சு.
கெட்ட கொழுப்பு ஏறுது, சுவர் விறைக்குது.
பயத்தில சுரக்கிறது வேற ஒண்டு,
அது பிரஷரையும் சீனியையும் தூக்கும்.
அதோட உங்கட றோல்ஸ்."

"பயத்தில சுரக்கிறது
எவ்வளவு காலமாய்ச் சுரந்திருக்கும், டொக்ரர்?"
என் பிறந்த வருடத்தைப் பார்த்தா.
பிறகு ஊரைப் பார்த்தா.
ஒன்றும் எழுதவில்லை.

ஒரு மீற்றரில் வேலை செய்கிறவளுக்கு
மூன்று மில்லிமீற்றர் பாதையைக் காட்டியிருக்கிறார்கள்.
அதுக்குள் புதைத்தவர்களில் நானும் ஒருத்தி,
தின்னத் தின்ன.

கொப்பியைப் பையின் அடியில் ஒளித்தேன்.
சொன்னால் வேலை போகும்.
கடைசி மகளின் ரியூசன் காசு, கூரைத் தகரத்தின் மிச்சக் கடன்.
இரண்டு நாள் ஒளித்தேன்.
மூன்றாம் நாள் முழந்தாளில் நிற்கையில் தாடை உளைந்தது.
சந்தேகம் என்றால் நிறுத்து,
தொடாதே, விசிலை ஊது:
பதினொரு வருடமாய் மண்ணுக்குச் செய்த மரியாதை.
எனக்காக ஊதினேன்.

இப்போது களஞ்சியத்தில் கட்டைகளை எண்ணி ஏற்றுகிறேன்.
சம்பளம் கொஞ்சம் குறைவு.
பின்னேரம் குளக்கட்டால் நடை.
மண்ணில் எடுத்தால் எடுத்ததுதான்.
உடம்பில் அப்படியில்லை,
விடிந்தால் திரும்பவும் முதல் கட்டையிலிருந்து.

பத்து மணிக்குக் குரக்கன் புட்டு, அவித்த கௌபி,
உப்பில்லாத கீரை.
துசாந்தி ஒரு வாய் எடுத்தாள்,
மென்றாள், வெளியே போய்த் துப்பினாள்.
"அக்கா, இதுக்கு மிதிவெடி பரவாயில்லை."
கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம்.

அனல் இன்னும் வருகிறது, கேட்காமல்.
கவசமில்லாத சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு
அது போகும்வரை
கட்டைகளை எண்ணுகிறேன்.